கூவ வேண்டாம் என்றான்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதற்கு முன் கடை வாசலில் நின்று, "முளகு வருதே!" என்று இரண்டு பக்கமும் கூவ வேண்டும். சாயாக்கடைக்காரர் பால் பாத்திரத்தை மூடுவார். சுக்குக் கிடங்கில் இருப்பவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் கடையை ஒட்டி இருந்த அரிசி மண்டி முதலாளிதான் எல்லோருக்கும் முந்திக் கதவைச் சாத்துவார். நெடி அடங்கியதும் தெரு மறுபடி திறக்கும். தாத்தா கூவினார், அப்பா கூவினார், அப்புறம் நான் கூவினேன்.

மண்டி முதலாளி காலமான பிறகு அவர் மகன் மண்டியைக் காபிக் கடை ஆக்கினான். கால்சட்டை போட்ட வயதிலிருந்து நான் பார்த்த பையன். ஒருநாள் என் கடைக்கு வந்தான்.

"சேச்சி, இந்தக் கூவல் வேண்டா. கெஸ்டெல்லாம் பேடிச்சு எழுந்து ஓடறாங்க."

"கூவாம எப்படி மோனே மூட்டை பிரிக்கிறது?"

"பிரிச்சுக்கோங்க. சத்தம் மட்டும் வேண்டா."

அதோடு விட்டானா? எங்கள் கட்டிடத்துக்காரரைப் பிடித்து, கடையைத் தனக்கென்று பேசி முடித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

அந்த மாதமே அவன் காபிக் கடையின் உள்சுவரில் தெருவின் வரலாற்றைப் படமாக வரைய வைத்தான். அரபிக்காரர், யூதர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், குஜராத்தி சேட், கொங்கணி என்று எல்லோரும் இருந்தார்கள். ஓரத்தில் சிவப்பாக ஒரு மிளகாய்க் குவியலும் இருந்தது. பக்கத்தில் ஆளைத்தான் காணோம்.

"நாங்க எங்கே?" என்று கேட்டேன்.

"நிங்கள் இப்போ வந்தவங்கதானே சேச்சி?"

என் தாத்தா விருதுநகரிலிருந்து மிளகாய் கொண்டுவந்து இறக்கியபோது இவன் அப்பாவுக்கு மீசை முளைக்கவில்லை.

சுவரைத் திறந்துவைக்கும் நாளில் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் விரியத் திறந்திருந்தன. கடலிலிருந்து நல்ல காற்று. என் கடையில் இருந்த மூட்டைகளைப் பிரித்துக் காயவைத்துக் கட்டினால்தான் ஊர் மாற்றி ஏற்ற முடியும். வேலைக்காரப் பெண்களைப் பார்த்துக் கொட்டச் சொன்னேன். ஒருத்தி பழக்கத்தில் வாயைத் திறந்தாள். கையைக் காட்டி அடக்கினேன்.

அவன் பேச ஆரம்பித்திருந்தான். "இந்தத் தெருவின்டே சரித்திரம்..." என்றவனுக்கு அதற்குமேல் வரவில்லை. பட்டும் கோட்டுமாக அத்தனை பேரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அவனும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணு கூவியிருக்கக்கூடாதா சேச்சி!"

"நீதானே மோனே வேண்டாம்னே?"

வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதில்லை.

இப்போது எங்கள் வியாபாரம் காயலுக்கு அக்கரை பிராட்வேயில், ஒரு சந்துக்குள். பழைய கடையை அவன் காபிக் கடையோடு சேர்த்துக்கொண்டான். வெள்ளையடித்தும் பயனில்லையாம். ஃபேன் போட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் தும்முகிறார்களாம். மூன்று தலைமுறைத் தூள் உத்தரத்தில் ஊறிக் கிடக்கிறது. அதைப் போக்க என்ன பூச வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஆள் அனுப்பிக் கேட்டான்.

கூவ வேண்டாம் என்றவன் அவன். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.