திறக்கக் கூடாத மூடி

அவர் வேலை பார்க்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘இன்னொருதடவை’. மருந்துக் கிடங்கு அவர் பொறுப்பு. கதவைப் பூட்டுவார், நாலடி நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். “இன்னொரு தடவை பார்த்துடறேன்” என்பார். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய நாட்களை எண்ணுவதை அவர் மனைவி விட்டுப் பல வருஷமாகிறது. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டோமா என்று நோட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்த மனுஷர். அன்றைக்கே தெரிந்தும் கட்டிக்கொண்டாயிற்று, இனி யாரிடம் போய்க் குறை சொல்வது என்பது அந்த அம்மாளின் கட்சி.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் தடுப்பூசிப் பெட்டி இருந்தது. மேல்பக்கம் மூடி வைத்த, தொட்டி மாதிரியான குளிர்பெட்டி. உள்ளே கம்பிக் கூடைகளில் மருந்துக் குப்பிகள். இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. இப்போது எத்தனை என்று வெளியே ஒரு சின்னத் திரை காட்டும். கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். அப்புறம் உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர்தான் கதி. அதைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும், திறக்கத் திறக்கச் சூடு ஏறும். மூடியே வைத்திருந்தால் எட்டு மணி நேரம் தாங்கும் என்று பெட்டியிலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர்கள் நம்ம ஆளை மனதில் வைத்து ஒட்டவில்லை.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இவர் பதினோரு தடவை திறந்தார். கெட்டுப் போய்விடுமோ, கெட்டுப் போய்விடுமோ என்று பார்த்துப் பார்த்தே கெடுத்தார். டாக்டரம்மா மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். மறுநாள் தடுப்பூசி நாள், மாதத்தில் ஒரே நாள். அறுபது குழந்தைகள் திரும்பிப் போனார்கள். வந்தவர்கள் கத்தினார்கள், அதையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பஸ் மாறி, இரட்டைப் பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் சுமந்து வந்த ஒருத்தி மட்டும் கத்தவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பி நடந்தாள். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கமே வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்களா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. இது மட்டும் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாத விஷயம். அதனால் வருஷம் முழுக்க அரித்துக்கொண்டே இருந்தது. பெட்டிக்கு ஒரு கொக்கி அடித்துப் பூட்டுப் போட்டது அதற்கப்புறம்தான். சாவி ஒன்றே ஒன்று.

இந்த வருஷம், சொல்லி வைத்தாற்போல, தடுப்பூசி நாளுக்கு முந்தின நாள் காலை பத்து இருபதுக்கு மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ஆஸ்பத்திரி முன்கூடத்து ஜன்னலுக்கு வெளியே சிக்னல் விளக்கும் செத்துக் கிடந்தது. நாலு பக்கமும் ஹாரன். நகரம் முழுக்கவே கரண்ட் இல்லையாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதாம். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் நாற்பது நிமிஷம் ஓடி, டீசல் தீர்ந்து, இருமி அடங்கியது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிய வாட்ச்மேன் வெறும் கேனோடு வந்தார்.

“பங்க்ல டீசல் நிறைய இருக்கு சார். அதை மேல ஏத்தற பம்புக்குத்தான் கரண்ட் இல்ல.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொண்ணு. ஏழு மணி வரைக்கும் தாங்கும். அதுவரைக்கும் உங்களுக்கு ஒரே வேலைதான். ஒண்ணும் செய்யாம இருக்கணும்.”

“அது ஒரு வேலையா டாக்டரம்மா?”

“உங்களுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.”

இருப்புக் கொள்ளவில்லை மனுஷருக்கு. கிடங்கைப் பெருக்கினார். துடைத்த அலமாரியைத் துடைத்தார். பஞ்சுப் பொட்டலங்களை எண்ணினார், கணக்குச் சரியாக இருந்தது, அது போதாதென்று மறுபடி எண்ணினார். பெட்டி மூடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இருப்பது மருந்து, அது என்ன பதில் சொல்லும்? உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? போன வருஷம் பதினோரு தடவையும் ‘ஒரே ஒரு தடவை’ என்றுதான் திறந்தார். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால், சாவி பூட்டுக்குள் இருக்கிறது, கை அதைத் திருகிக்கொண்டிருக்கிறது. எப்போது எடுத்தோம் என்றே அவருக்கு நினைவில்லை.

பயந்தே போனார். சாவியை உருவிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருக்கும் மனைவியின் தையல் கடைக்கு ஓடினார். மெஷின் ஓடாததால் அந்த அம்மாள் வாசலில் முக்காலி போட்டுக் கையாலேயே பாவாடை ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

“இதை வச்சுக்க. நான் வந்து கேட்டாலும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத.”

“அழுவீங்களா?”

“தெரியாது.”

அவள் சாவியை இடுப்புப் பைக்குள் போட்டு, பையின் வாயை ஊசியால் நாலு தையல் போட்டு மூடினாள். வேலையில் சுத்தம்.

மூன்று மணி சுமாருக்கு ஆஸ்பத்திரிக்குள் ஒரு கூரியர்காரர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டு வாசலில் பெல்லை அழுத்தியிருக்கிறார். கரண்ட் இல்லை, பெல் அடிக்கவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். நாய்க்கு பெல்லும் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று சொல்ல வீட்டில் ஆளும் இல்லை. இது குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று நர்ஸ் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலும் ஓடவில்லை, பஸ்ஸும் நகரவில்லை.

டாக்டரம்மா காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஆழமா கடிச்சிருக்கு. நாய்க்கடி ஊசி ஒரு குப்பி எடுத்துட்டு வாங்க.”

“டாக்டரம்மா, பெட்டியைத் திறக்கணுமே. கரண்ட் வர்ற வரைக்கும்…”

“கரண்ட் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா? நான் இவரைக் காக்க வைக்க மாட்டேன். சாவி எங்க?”

“பத்திரமா இருக்கு. என்கிட்ட இருந்து பத்திரமா.”

காலையில் திறக்காமல் இருக்கத் தவித்தவர், இப்போது திறக்கச் சொன்னதும் பதறிக்கொண்டு தையல் கடைக்கு ஓடினார். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் கையைக் காட்டிக் காட்டிக் கடந்தார். இரண்டு பேரிடம் திட்டு வாங்கினார்.

“சாவியைக் குடு!”

“மாட்டேன்,” என்றாள் மனைவி, தையலிலிருந்து தலை தூக்காமல்.

“ஒருத்தரை நாய் கடிச்சிடுச்சு.”

“போன வருஷம் பெட்டிக்குள்ள ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொல்லித்தான் திறந்தீங்க.”

“ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன். கூரியர்காரர்!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த முகம்தான். ஆனால் அதில் திறந்து பார்க்கிற ஆசை இல்லை, திறக்க வேண்டுமே என்ற பயம்தான் இருந்தது. எழுந்து கடையைச் சாத்தினாள். “சாவி என்கிட்டயே இருக்கட்டும். நான் வர்றேன்.” நடந்துகொண்டே தையலைப் பிரித்தாள்.

கூரியர்காரரைக் கண்ணால் கண்ட பிறகுதான் சாவி வெளியே வந்தது. கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. கதவை அவரே சாத்தினார், கும்மிருட்டு. டார்ச் எடுத்து வரட்டுமா என்று நர்ஸ் கேட்டாள்.

“வேண்டாம்,” என்றார் அவர். வெளிச்சம் இருந்தால் கண் தெர்மாமீட்டரிடம் போகும். கண் போனால் மனசு போகும், மனசு போனால் கை அங்கேயே நின்றுவிடும். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

மனைவி பூட்டைத் திறந்து மூடியில் கை வைத்தாள். “எவ்வளவு தூக்கணும்?”

“என் முழங்கை போற அளவுக்கு. போதும்.”

தூக்கினாள். அவர் கை உள்ளே போனது. மூன்றாவது கூடை, இடது ஓரம், பின்னாலிருந்து இரண்டாவது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்துச் சலித்த பெட்டி! தன் வாய்க்குள் இருக்கும் பற்களைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். விரல் நேரே குப்பியில் போய் நின்றது. எடுத்தார். மூடி விழுந்தது.

“நாலு எண்ணினேன்,” என்றாள் மனைவி. “அஞ்சு வரல.”

குப்பியின் மேல் ஒட்டியிருந்த சூடு காட்டும் வில்லையை வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டாக்டரம்மா ஊசியைப் போட்டார். ஒரு குப்பி நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்குமா? ஏழு மணி வரை இருக்குமா? மனைவி கடைக்குத் திரும்பவில்லை. பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்து மிச்சப் பாவாடையைத் தைத்தாள். அவர் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உட்காருங்க என்று சொல்லி அவள் வாயை வீணாக்கவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு மின்விசிறி ஒரு முனகல் முனகிச் சுற்றியது. திரை கண் விழித்தது. ஏழு புள்ளி இரண்டு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, பாவி மனுஷர், கையை மூடிப் பக்கம் நீட்டினார்.

“என்ன?” என்றாள் மனைவி.

“திரை சரியா காட்டுதான்னு…”

அவள் இறங்கிப் பூட்டைப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கூட்டம். அவர் வாசலில் நின்று சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே ஒருத்தி, உள்ளே வராமல் நின்றிருந்தாள். அவள் முந்தானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள், ஒரே அச்சு. இப்போது நடக்கிறார்கள்.

அவர் கையில் சீட்டுகளோடு கேட்டுக்குப் போனார். “அம்மா, அன்னைக்குப் போட வேண்டிய ஊசி…”

“அக்கா ஊர்ல போட்டாச்சு. இது அடுத்தது.” அப்போதும் அவள் உள்ளே அடி எடுத்து வைக்கவில்லை. “மருந்து இருக்குதா? நேத்து நாள் முழுக்கக் கரண்ட் இல்லையே. நல்லா பார்த்துட்டீங்களா?”

“இல்லம்மா,” என்றார். “ஒரு தடவைகூடப் பார்க்கல. அதனாலதான் இருக்கு.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளைகளை முன்னால் விட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.