திவாருக்கு எந்தப் படகுத்துறை? பாணேரிலிருந்து காரில் குடிபெயர்ந்த கதை

சென்ற ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, புனே பாணேரில் பதினொரு வருடம் குடியிருந்த ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, சொந்தக் காரிலேயே கோவாவின் திவார் தீவுக்குக் கிளம்பினோம். ஏன் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கிளம்பும்போது எனக்குக் காரணம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கணவர் செந்தில் போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் மென்பொருள் வேலை. அந்தக் கோடையில் அவர் வேலை முடிந்து வந்து, காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். கேட்கப் பயமாக இருந்தது. கேட்பதற்குப் பதில், அமைதியான ஊர்களில் வாடகை வீடு தேட ஆரம்பித்தேன். திவார் கிடைத்தது. அவரிடம் காட்டினேன், "நல்லாருக்கு" என்றார். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டார்.

காலை 5.10க்குப் புறப்பட்டோம். ஓட்டியது நான். பின்சீட்டில் கிரைண்டரை வைத்ததும், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கார் கத்தியது. அதற்கும் சீட் பெல்ட் போட்டோம். சாத்தாரா வழியாகக் கோலாப்பூர் 235 கிலோமீட்டர், 9.30க்குக் காலை உணவாக, காரமான மிசல் சாப்பிட்டோம். நிப்பாணியில் திரும்பி ஆம்போலி மலைப்பாதை. நிப்பாணி தாண்டினால் நல்ல கழிப்பறை அரிது, கவனம்.

ஆம்போலியில் மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை, மேப்பும் நின்றுபோனது. சாவந்த்வாடியில் சிக்னல் வந்ததும், "திவார்" என்று போட்டதற்கு அது மூன்று பாதைகள் காட்டியது. இருப்பதில் குறைந்த தூரத்தைப் பிடித்தேன். 452 கிலோமீட்டர் ஓடி, மாலை 4.20க்கு ஆற்றங்கரையில் சாலை முடிந்தது. எதிரே தீவு. வீட்டுக்கார அம்மா ஃபிலோமினா எங்களுக்காகப் படகுத்துறையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே யாருமே இல்லை.

போன் செய்தேன். "ஆப் கிதர் ஹை? மை ஓல்டு கோவா மே கடீ ஹூ!" என்று, நாங்கள் எங்கே என்று கேட்டார். அவர் நின்றது தீவின் தெற்கே பழைய கோவா துறையில். நாங்கள் நின்றது வடகிழக்கே நாரோவா துறையில். தீவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் இங்கேயே படகேறி வரலாம் என்றும், தான் அங்கிருந்து கடந்து தீவில் காத்திருப்பதாகவும் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்டது, படகோ அக்கரையில் நின்றது. எனக்கு எரிச்சல். "உங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். வழியாவது நீங்க பாத்திருக்கலாமில்லீங்க?"

செந்தில் திரும்பிப் பார்த்தார். "எனக்காகவா? நீதான ராத்திரி பகலா வீடு தேடிட்டு இருந்த. உனக்குப் புனே சலிச்சுப் போச்சுன்னுதான் நான் வேலையவே விட்டேன்."

"நீங்க கார விட்டு இறங்காம உக்காந்திருந்தீங்க..."

"அது டென்ஷன். ஃபேக்டரில ஆடிட் முடிஞ்சிருந்தா சரியாப் போயிருக்கும்."

என் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. இரண்டு பேருமே போக விரும்பாத இடத்துக்கு, இரண்டு பேரும் அடுத்தவருக்காக வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

படகு வந்தது. பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது. படகுக்காரர் கண்ணாடியைத் தட்டினார்: "மேடம், ஆனா ஹை யா நஹீ?"

வருகிறோமா இல்லையா? நான் செந்திலைப் பார்த்தேன். "அந்தம்மா மழைல காத்திட்டிருப்பாங்க. இப்ப ஏறு," என்றார். ஏறினேன். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் எங்களிடம் இல்லை.

இதே பாதையில் வருபவர்களுக்கு: வீட்டுக்காரரிடம் துறையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோல் எங்களுக்கு 3,400 ரூபாய் ஆனது. படகுக்குச் சில்லறை வேண்டும். ஏறியதும் ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஆம்போலியை இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, உடன் வருபவரிடம் உண்மையிலேயே வர விருப்பமா என்று கேளுங்கள். "நல்லாருக்கு" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. செந்தில் பஞ்சிமில் பகுதி நேர வேலை பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே, "திரும்பிப் போயிரலாமா?" என்றார்.

"உங்களுக்குப் போகணுமா?"

"மொதல்ல நீ சொல்லு."

அவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்காமல் பதில் சொன்னேன். "எனக்குத் தெரியலைங்க."

"எனக்குந்தான்," என்றார் நிம்மதியாக.