ஒப்பந்தத்துக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

சமஸ்தானம் போய்ச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. புதுக்கோட்டையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் டைம் கீப்பராக இருந்தேன். டிரைவர்களும் கண்டக்டர்களும் நாங்களுமாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். பல மாதப் பேச்சுக்குப் பிறகு, முதலாளிகள் ஓர் ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் பேச்சு முறிந்துவிடும்.

அதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. காலையில் சிவன் கோயிலில் பதிகம் பாடிவிட்டு வேலைக்கு வருகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று சங்கத்தார் நம்பினார்கள்.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் தனிப்படி. வெளியூரில் தங்கினால் படுக்க இடம். பஸ் கூரைமேல் படுத்துப் பனியில் நனைந்து எழுந்தவர்களுக்கு இவையெல்லாம் வரமாகவே கேட்டன. கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. டிரைவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்ட வேண்டும். தேறாதவர் விலகிக்கொள்ள வேண்டும். அங்கே வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்தது.

ஜெகதாப்பட்டினம் வண்டியை ஓட்டியவர் என் மனைவியின் அண்ணன். டிரைவர்களில் மூத்தவர். அவருக்குக் கண் மங்கிவருவதை அறியாதவர் எங்களில் இல்லை. கடற்கரையிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டால், கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் வந்து நிற்பார். இடப்பக்கம் மாட்டுவண்டி, எதிரே சைக்கிள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். அப்படித்தான் அறந்தாங்கி தாண்டி ஊர் வந்து சேருவார்கள். பின்னால் அமர்ந்திருந்த ஜனங்களுக்கு இது தெரியாது. அந்த விதி நியாயமானது என்று எனக்குத் தெரியும். அந்த நியாயம் மூன்று பெண்கள் கல்யாணத்துக்குக் காத்திருந்த ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கும் என்பதும் தெரியும்.

வாசித்து முடித்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"எல்லாத்தையும் கணீர்னு வாசிச்சிட்டு அந்த ஒன்ன மட்டும் ஏன் மாப்ளே முணுமுணுக்கிறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் கைதூக்கச் சொன்னார். ஏற்கிறவர்கள் என்றபோது ஒரு கையும் எழவில்லை. மறுக்கிறவர்கள் என்றபோதும் எழவில்லை. ஓய்வு நாளை இழக்க யாருக்கும் மனமில்லை. அவர் முகத்துக்கு எதிரே கையைத் தூக்கவும் துணிவில்லை. கடைசியில் ஓர் இளைய டிரைவர், "சாமிகிட்டயே கேட்டுருவோம்ணே, நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான். மனிதர் செய்ய வேண்டிய தீர்மானத்தை மகேசன் தலையில் வைக்கிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவப்பு வந்தால் கையெழுத்து. வெள்ளை வந்தால் மறுப்பு. பொட்டலம் கட்டுவதும் என் வேலையாயிற்று. வெள்ளைக்கு நந்தியாவட்டை வைப்பதே வழக்கம். அன்று பூக்காரியிடம் அது இல்லை. மல்லிகை வாங்கினேன், சிவப்புக்கு அரளி. வாழையிலையில் இரண்டையும் ஒரே அளவாக மடித்து நாரால் கட்டினேன். இரண்டிலும் மல்லிகையே வைத்துவிடலாமா என்ற நினைவு ஒருகணம் வந்தது. சந்நிதிக்கு அஞ்சி விட்டுவிட்டேன். அது பக்தியா, கோழைத்தனமா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குருக்கள் பொட்டலங்களைத் தட்டில் வைத்துத் தீபம் காட்டிக் கொண்டுவந்தார். யார் எடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது, மூத்தவர் எடுப்பதே மரியாதை என்று பலரும் ஒரே குரலில் சொன்னார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார்கள். ஒருவர் கழுத்துக்கான கயிற்றை அவர் கையிலேயே கொடுக்கிறோம் என்று எவருக்கும் உறைக்கவில்லை.

அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டின்மேல் குனிந்தார். வலப்பக்கப் பொட்டலத்தின்மேல் கை போயிற்று. தொடாமல் நின்றது. பிறகு நகர்ந்து இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தது. குருக்கள் பிரித்தார். அரளி.

சங்கத்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மிஞ்சிய பொட்டலத்தை எடுக்க நான் குனிந்தபோதுதான் மல்லிகை மணம் இலையை மீறி என் முகத்தில் அறைந்தது. அவருக்குக் கண்தான் மங்கியிருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் அவர் தேறவில்லை. வேறு வேலை கேட்டுக் கம்பெனிக்கு இரண்டு முறை மனு எழுதினேன், பதில் இல்லை. டியூட்டி அட்டவணையில் அவர் பெயரை அடித்து வேறொருவர் பெயரை எழுதியதும் என் கைதான். அன்று அவர் வீட்டுக்குப் போய், சுற்றி வளைத்து, வாசனை தெரிந்ததா என்று கேட்டேன். அவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"சாமி சொல்லியாச்சு. அதோட விடுங்க மாப்ளே. ஒங்க தங்கச்சிகிட்டகூட இதப் பேசாதீங்க."

ஒங்க தங்கச்சி என்றது தம் மனைவியை. உள்ளே அவள் புழுங்கல் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த ஓசை கேட்டது. ஈசன் இப்படிச் செய்துவிட்டானே என்று அவள் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். நடந்ததைச் சொன்னால் அவளுடைய கோபம் சுவாமியை விட்டுக் கணவர்மேல் திரும்பும். ஒப்பந்தமும் திருவுளத்தால் வந்தது என்ற பெயரை இழக்கும். சொல்லாவிட்டால், செய்யாத செயலுக்கு இறைவன் பழி சுமப்பான்.

நான் சொல்லவில்லை. மறுநாள் காலையும் அதே சந்நிதியில் நின்று பதிகம் பாடினேன்.