இரண்டாவது மேஜருக்கு ஒரு செமஸ்டர்

கல்லூரியில் நான் இரண்டு மேஜர், அதாவது இரண்டு முதன்மைப் பாடங்கள், எடுத்துப் படித்தேன். ஒன்று உயிரியல், இன்னொன்று குளோபல் ஹெல்த். அம்மாவின் காதில் முதலாவது மட்டும்தான் விழுந்தது. கல்ஃபில் நாங்கள் குடியிருந்த முவைலாவில், எங்கள் பில்டிங் முழுக்க, "மக டாக்டருக்குப் படிக்கறா" என்று பரப்பிவிட்டாள். ஆன்ட்டிகள் சுகர் ரிப்போர்ட்டோடு வந்து நிற்பார்கள். "ஐயோ ஆன்ட்டி, இது ஊசி போடற படிப்பில்ல. யாருக்கு ஏன் நோய் வருது, யாருக்கு வைத்தியம் கிடைக்காமப் போகுதுன்னு படிக்கறேன்" என்றால், "அப்ப உலகத்துக்கே நீதான் டாக்டரா?" என்று சிரிப்பார்கள். எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சலுக்குக்கூட ஏங்குகிறேன்.

கடைசி வருஷம் அப்பாவின் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அவர் வேலை போனது. அதை நம்பியிருந்த எங்கள் மூவரின் விசாவும் போனது. உயிரியல் மட்டும் என்றால் அந்த டிசம்பரிலேயே முடித்துவிட்டு அவர்களோடு கோவைக்குக் கிளம்பியிருப்பேன். இரண்டாவது மேஜருக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி.

"விட்டுடறேன்ப்பா" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? ஆசைப்பட்டு எடுத்தது. முடிச்சுட்டு வா."

கல்லூரி விசாவில் ஹாஸ்டலுக்கு மாறினேன். நான் பிறந்ததிலிருந்து இருந்த வீட்டை ஒரே வாரத்தில் காலி செய்தோம்.

அந்த செமஸ்டரின் பாடமே, பாருங்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களின் உடல்நலம். ஒருவர் கல்ஃபுக்கு வந்துவிட்டால் ஊரில் விடப்பட்டவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று பேராசிரியர் விளக்குவார். இங்கே விடப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோபம் கோபமாக வந்தது.

அந்தப் பாடத்துக்காக ஜெபல் அலி பக்கம் தொழிலாளர்கள் தங்கும் ஒரு கேம்புக்குக் கேள்விகளோடு போனோம். சிவகங்கைக்கார அண்ணன் ஒருவர் என் கேள்வியை விட்டுவிட்டு, "உங்க அப்பா அம்மா எங்கம்மா இருக்காங்க?" என்றார்.

"ஊர்ல."

"அட! என் மக அங்க, நான் இங்க. உங்க வீட்டுல தலைகீழால்ல இருக்கு!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

பட்டமளிப்புக்கு அப்பா அம்மா இருவரும் வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா புடவையே எடுத்து வைத்துவிட்டாள். அப்பாதான் நழுவிக்கொண்டே இருந்தார். வெயில் என்றார், முழங்கால் வலி என்றார். விசிட் விசா நானே போட்டுத் தருகிறேன் என்றேன், பேச்சை மாற்றினார். ஒருநாள் போனில் கத்தியேவிட்டேன்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே தனியா இருந்தேன்? வந்து பார்க்கக்கூட மாட்டீங்களா?"

அம்மா போனை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்பாவே பேசினார்.

"வர்றதுக்கு என்ன கண்ணு, வந்துரலாம். ஒருதடவ அங்கிருந்து கெளம்பிட்டேன். மறுபடியும் கெளம்ப என்னால ஆகாது."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

அம்மா மட்டும் வந்தாள். விழா முடிந்ததும் வாசலில் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். சான்றிதழைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"நல்லாருக்கு கண்ணு, ரொம்ப நல்லாருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதைச் சித்த நகர்த்து. பின்னாடி ரோடு தெரியுதா பாக்கறேன்" என்றார்.