பின்னோக்கி நடந்த ஆசான்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் எனக்கு நடை மீண்டது ஒரு மனிதரால். பின்னர் அவரே படுக்கையில் விழுந்தபோது, அவர் எழுந்து உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் எல்லோருடைய வேண்டுதலாகவும் இருந்தது. நடக்க வேண்டுமென்றுகூட நாங்கள் கேட்கவில்லை. உட்கார்ந்தால் போதும். அதுவும் நிகழவில்லை. நிகழாமற் போனதில் என் பங்கு எவ்வளவு என்பதை எழுதிவைக்க வேண்டுமென்று ஓராண்டாக எண்ணி, தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

கொச்சங்காடியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மேல்தளத்தில் அவர் உடற்பயிற்சிக்கூடம் நடத்திவந்தார். பாட்டன் காலத்திலேயே இங்கு வந்து சேர்ந்த தமிழ்க்குடும்பம். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதப் படிக்க மலையாளம்தான். இளமையில் அரிசிக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். ஐம்பதை ஒட்டிய அகவையிலும் தோள்கள் தளரவில்லை. ஊரார் அவரை ஆசான் என்றே அழைத்தனர். தசை பெருக்க வந்த இளைஞர்களை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. உடம்பு கைவிட்டவர்களையே தேடிப் பிடித்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து உணவகத்தில் பரோட்டா போடும் ஒருவர், பத்துப் படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரை ஆசான் மாவுமேடையிலிருந்தே தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். சந்தையில் காய்கறி விற்கும் ஓர் அம்மையார் முழங்கால் வலியால் தொழிலையே விட்டுவிடும் நிலையில் இருந்தார். அவரைக் கடை மூடும் வேளை பார்த்து, வெங்காய மூட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்தெழச் செய்தார். இருவரும் முதலில் அவரைத் திட்டித் தீர்த்தவர்கள். பிறகு அவர் சொன்னதைத் தட்டாதவர்கள்.

நான் இங்குள்ள பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன்; ஆசிரியர்களை இங்கு அழைப்பதுபோல் என்னையும் ‘மாஷ்’ என்பார்கள். மனைவி மறைந்த மறு ஆண்டு பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் தளர்ந்தது. மருத்துவமனையில் சொல்லித்தந்த பயிற்சிகள் முடிந்த பின், கைத்தடியூன்றி மாடியிலிருக்கும் என் வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போவேன். அதற்கு அப்பால் நான் போக வேண்டிய இடம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் காய்கறி கொண்டுவரும் அந்த அம்மையார் என்னைப் பற்றி ஆசானிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் காலை ஆசான் முன்னறிவிப்பின்றி என் நாற்காலியின் முன் வந்து நின்றார்.

“மாஷே, இந்தக் கால் சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா?”

“சொந்தந்தான், தம்பி.”

“பின்னே எதுக்கு வீட்டுக்காரனைக் கண்ட வாடகைக்காரன் மாதிரி இப்படிப் பயந்து பேடிக்கறீங்க? எழும்புங்க.”

வேண்டாம் என்றேன். உடல்நலமில்லை என்றேன். நாளை பார்க்கலாம் என்றேன். அவர் என் செருப்பை எடுத்து என் காலருகே வைத்தார்.

அவருடைய முறை விந்தையானது. நடப்பவரின் கையை அவர் பிடிப்பதில்லை. ஓரெட்டு முன்னால், நம் முகத்தைப் பார்த்தபடி, இரு கைகளையும் நீட்டிக்கொண்டு, பின்னோக்கி நடப்பார். நாம் அவர் கண்களையே பார்த்து நடக்க வேண்டும். தரையைப் பார்க்கக் கூடாது. தரையைப் பார்த்தால், “அங்கே என்ன தேங்கா கிடக்கா? என்னைப் பாருங்க,” என்பார். கிடங்குகளின் வாயில்களே அவருக்கு அளவுகோல். இன்று மிளகுக் கிடங்கு, அடுத்த வாரம் அரிசிக் கிடங்கு, மழைக்கு முன் படகுத்துறை என்று நாள் குறிப்பார்.

கடைத்தெருவின் நெரிசலில், சரக்குந்துகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையே, ஒருவர் முதுகு காட்டி நடந்து போவதை எண்ணிப் பாருங்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு அது நாள்தோறும் கிடைத்த வேடிக்கை.

“ஆசானே, பின்னால லாரி!”

“லாரிக்காரன் பிரேக்கு எதுக்கு வெச்சிருக்கான்? சும்மா அழகுக்கா?”

“ஆசானே, எருமை முட்ட வருது!”

“உன் மாமனாரா இருக்கும். சுகம்தானான்னு கேளு.”

அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை. தெருதான் அவருக்கு விலகி வழிவிட்டது. அவர் அத்தெருவின் மேடுபள்ளத்தை முதுகாலேயே அறிவார் என்று எல்லோரும் நம்பினர், நானும் நம்பினேன்.

ஒன்பது மாதத்தில் நான் படகுத்துறை வரை நடந்தேன். அதற்கு அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் படகேறி எறணாகுளம் போய், ஒரு புத்தகக் கடையில் அரைமணி நேரம் நின்று படித்துவிட்டுத் திரும்பினேன். நின்று படித்தேன் என்பதை அன்று எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாள் காலை நடையின்போது என் மனம் இளைஞனுடையதைப் போல் துள்ளிற்று. கிடங்கு வாயிலில் தொழிலாளர்கள் வழக்கம்போல் கூவினர். அவர் வழக்கம்போல் மறுமொழி சொன்னார். அப்போது நானும், வாழ்நாளில் முதன்முறையாகவோ என்னவோ, கண்ணை அகல விரித்து, “தம்பி, லாரி!” என்று கத்தினேன்.

அவர் துள்ளித் திரும்பினார். பின்னால் ஒரு மிதிவண்டிகூட இல்லை. தெரு முழுவதும் சிரித்தது. மூட்டையைத் தலையில் வைத்திருந்தவர்கூட ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆசான் என்னை நோக்கிக் கைகூப்பினார்.

“மாஷே, நீங்களுமா! பொய்யே பறையாத மனுசன்னு நினைச்சு நான் திரும்பிட்டேன். இனி உங்களையும் நம்பமாட்டேன்.”

அன்று வீடு சேரும்வரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு நாள் கழித்து ஓதம் ஏறி, ஓடைகள் வழியே கடல்நீர் தெருவில் பரவி வடிந்திருந்தது. ஓடையைத் தூர்வார யாரோ அதை மூடியிருந்த ஒரு கற்பலகையைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்தனர். எதிரே கைவண்டி ஒன்று வந்ததால் நாங்கள் ஓரம் ஒதுங்கினோம். நான் அவருடைய கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் சக்கரத்துக்கு அஞ்சி ஒரு கணம் பார்வையைத் தாழ்த்தியபோது, அவர் குதிகாலுக்குப் பின்னால் ஓடையின் கரிய வாய் திறந்திருந்தது.

“தம்பி, குழி! நில்லுங்க!”

அவர் முகம் மலர்ந்தது. “ஒரு தடவை ஏமாந்தது மதி, மாஷே, போதும்,” என்று சிரித்தபடியே காலைப் பின்னால் வைத்தார்.

சாய்த்து வைத்த கல்லின் விளிம்பில் அவர் முதுகு மோதிய ஓசையை நான் இங்கு விரிக்கப் போவதில்லை.

தண்டுவடம் நசுங்கியிருந்தது. கால்கள் இனி வாரா என்றார் மருத்துவர். ஆனால் அத்தோடு முடிந்துவிடவில்லை என்றும் சொன்னார். நாள்தோறும் எழுந்து உட்கார்ந்து, கைகளை வீசி, மூச்சை நன்றாக இழுத்து விட்டால், சக்கர நாற்காலியில் நெடுங்காலம் வாழலாம்; படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கிவிடும், மழைக்காலத்தைத் தாண்டுவது அரிது. அப்போது மாசி மாதம்.

சுள்ளிக்கல்லில் அவருடைய சிறிய வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தனர். மனைவி அதே அறையின் மூலையில் தையல் எந்திரத்தோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. மாலைதோறும் அவரால் நலம் பெற்றவர்கள் முறைவைத்து வந்தனர். பரோட்டாக்காரர் அவரைத் தோளோடு அணைத்து நிமிர்த்துவார். காய்கறி அம்மையார் முதுகுக்குத் தலையணை கொடுப்பார். நான் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

“ஆசானே, ஒண்ணே ஒண்ணு. இன்னும் ஒரே ஒரு மூச்சு. உங்களால முடியும்! எனக்கு நீங்க சொன்னதுதானே?” என்பார் பரோட்டாக்காரர்.

“இந்த உடம்பு சொந்தமா வாடகையான்னு சாருகிட்டக் கேட்டீங்களே, இப்ப நான் கேக்கறேன், சொல்லுங்க!” என்பார் அம்மையார்.

தலையணையில் சாய்த்த சிறிது நேரத்தில் அவர் சரிந்துவிடுவார். மறுபடி நிமிர்த்துவர். அவர் கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அவர்கள் அதற்கும் சிரித்து, “பார்த்தீங்களா, ஆசானுக்குச் சூடு வந்துருச்சு!” என்பார்கள்.

சித்திரையில் ஒரு நண்பகல், அவர் மனைவி தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்த வேளையில், நான் மட்டும் அவரருகே இருந்தேன். சுள்ளிக்கல் வரை நடந்தே போயிருந்தேன். அதை அவரிடம் சொல்ல நாணி, ஆட்டோவில் வந்ததாகச் சொன்னேன். நான் பல நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: அன்று நான் விளையாடாதிருந்தால், அந்தக் கத்தலை நம்பியிருப்பீர்களா?

அவர் தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“நீங்க விளிச்சீங்க. நான்தான் சிரிச்சேன். விடுங்க, மாஷே.”

பிறகு சொன்னார்: “எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். அவங்களை வர வேண்டாம்னு பறையணும். நான் பறஞ்சா சிரிக்கிறாங்க. நீங்க பறஞ்சா கேப்பாங்க.”

“அவர்கள் உங்கள் நன்மைக்குத்தானே…”

“முடியும் முடியும்னு நான் எத்தனை பேருகிட்டச் சொன்னேன். அறிஞ்சா சொன்னேன்? ஒண்ணும் அறியாது, மாஷே. வாய் தானா சொல்லும். அவங்களுக்கு முடிஞ்சுது, அது அவங்க பாக்கியம். இப்ப அதே வார்த்தையை என் தலைமாட்டில நின்னு சொல்றாங்க. எனக்குச் சகிக்கலை. என்னைச் சும்மா விடச் சொல்லுங்க.”

நான் மறுக்கவில்லை. வேறு எவர் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். என்னை மன்னித்த அதே மூச்சில் அவர் கேட்டதால், அதைச் செய்யாமலிருக்க என்னால் முடியவில்லை. அது அவர் விருப்பத்துக்கு நான் காட்டும் மதிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலையே இருவரையும் சந்தை முனையில் கண்டு சொன்னேன். பரோட்டாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “ஐயா சொன்னா சரிதான். நாங்க படிக்காதவங்க. தொந்தரவாப் போச்சுபோல,” என்றார்.

காய்கறி அம்மையார் அவ்வாறு விடவில்லை. “அவர் வேண்டாம்னா நீங்க கேட்டுக்குவீங்களா, சாரே? நான் எத்தனை வேண்டாம் சொன்னேன்! வெங்காயத்தை எடுத்து எறிஞ்சேன் அந்தாளு மேல. அவர் கேட்டாரா? நீங்க சொன்னப்பவாச்சும் கேட்டாரா?”

“நோயாளியின் சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும், அம்மா,” என்றேன். வகுப்பறையில் நாற்பது பேரை அடக்கிய குரல் அது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அதன்பின் அவர்கள் எவரும் சுள்ளிக்கல் பக்கம் வரவில்லை. மற்றவர்களுக்கும் செய்தி பரவிற்று.

நான் மட்டும் இரு நாளுக்கொருமுறை போனேன். எதையும் செய்யச் சொல்லவில்லை. செய்தித்தாள் படித்துக் காட்டினேன். அவர் அமைதியாகக் கிடந்தார். அந்த அமைதியைக் கண்டு நான் செய்தது சரியே என்றுகூட நினைத்தேன். ஒருநாள் நான் புறப்படுகையில் அவர் மனைவி வாசல்வரை வந்தார்.

“மாஷே, அவங்க வந்துட்டுப் போனா இவர் ஒரு மணிக்கூறு திட்டுவார். அவங்களை, என்னை, தெய்வத்தை. நானும் காதைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கேன். திட்டறதுக்காவது மூச்சை இழுத்து விட்டாரே. இப்ப அதும் இல்லை. கையைக்கூட உயர்த்தறதில்லை.”

அவர்களை மறுபடி அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். “அவர்கிட்டக் கேளுங்க,” என்றார். உள்ளே சென்று கேட்டேன். ஆசான் கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தார். வேண்டாம் என்று அதைப் பொருள்கொண்டு நான் திரும்பிவிட்டேன். அது வேண்டாம் என்றுதான் இருந்திருக்கும். ஆயினும் என் நாற்காலியின் முன் செருப்பை வைத்த மனிதர் என்னுடைய எத்தனை வேண்டாம்களைக் காதில் வாங்காமல் நின்றார் என்பது, அன்று அவ்வாசலில் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஆடி மழை விடாது பெய்தது. முதலில் இருமல், பிறகு காய்ச்சல். மருத்துவமனையில் நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை முடிந்துவிட்டது.

இறுதிக் கடனுக்குத் தெருவே வந்திருந்தது. மூட்டை சுமப்போர் அவரைச் சுமந்தனர். பரோட்டாக்காரர் என் பக்கத்தில் நின்று, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல், கணக்கைச் சரிபார்ப்பவர்போல் கேட்டார்: “நீங்க வர வேண்டாம்னு சொன்னதாலதான் நாங்க வரலைங்க, ஐயா. இல்லாட்டி வந்திருப்போம். ஆசானுக்கு அது தெரியும்ல?”

தெரியும் என்றேன். அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் தொடர்ந்து போயிருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒருவேளை இன்னும் சில மாதம் திட்டியிருப்பார், அவ்வளவே. அந்தச் சில மாதங்களைத்தான் நான் நாகரிகமான ஒரு சொற்றொடரால் அடைத்துவிட்டேன்.

அவருடைய கூடத்தில் இப்போது தரையோடுகள் அடுக்கியிருக்கின்றன. பரோட்டாக்காரருக்கு மறுபடி உடல் பருத்துவிட்டது என்கிறார்கள். காய்கறி அம்மையார் மட்டும் சந்தைக்குப் போகும் வழியில், காலைதோறும் என் வீட்டின் கீழ் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார்.

“சாரே, இறங்கி வாங்க. சந்தை வரைக்கும் கூட வரேன். மெல்லப் போவோம்.”

“இன்று வேண்டாம், அம்மா. கால் வலிக்கிறது.”

“சரி, சாரே. நீங்க சொன்னா சரிதான்,” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விடுகிறார். இரண்டாம் முறை அழைப்பதில்லை. என் காலில் வலி ஏதும் இல்லை.