ரத்தம் கழுவிய காஜா பாய்

வெள்ளிக்கிழமை காலையில் முதல் அறுவை முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செவிலி என் போனைக் காதருகே பிடித்தாள். மறுமுனையில் காஜா பாயின் மகள் ரஹ்மத். "டாக்டரம்மா, வாப்பா மவுத்தாயிட்டாவ. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து சாஞ்சாவ. எந்திரிக்கவே இல்ல" என்றாள். அன்று மாலையே மேலப்பாளையத்தில் அடக்கம் செய்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அந்தத் தெருவில் நின்றோம். அவரை அறிந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். இது என்னுடையது.

திறந்த இதய அறுவையின்போது நோயாளியின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓர் இயந்திரம் வேலை செய்யும். அதை இயக்கியவர் காஜா மைதீன். சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, உப்புநீரில் கழுவி, சிவப்பணுக்களை மட்டும் நோயாளிக்கே திருப்பித் தரும் இன்னொரு இயந்திரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பதினோரு ஆண்டுகள் நான் நெஞ்சைத் திறந்து நிற்க, அவர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதே அதிகம்.

அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியின் வீட்டாரிடம் போய்ப் பேசுவது அவர் வேலையே அல்ல. ஆனாலும் போவார். ஏரலிலிருந்து செல்வி என்றொரு பெண் வந்திருந்தாள். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. சிறு வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வேறோர் ஊரில் அறுவை ஆகி, இது இரண்டாவது. "வெளிய சிந்துன ரத்தத்தையா திரும்ப ஏத்துவீய?" என்று அவள் கணவன் முகம் சுளித்தான். "ஒம் பொஞ்சாதி ரத்தந்தானப்பா. சுத்தமாக் கழுவித்தான் குடுப்போம்" என்றார் பாய். பிறகு, யாரும் கேட்காமலே, "ஆனா ஒண்ணு. அரிசி களைஞ்சா தூசி மட்டுமா போவும்? சத்தும் சேந்துல்லா போவும். கழுவுன ரத்தத்துல உறையுத சத்து இருக்காது. அதுக்கு வேற ஆளு குடுத்த ரத்தத்துலேர்ந்து எடுத்தது கொஞ்சம் வேணும். ரெண்டு பேரக் கூட்டியாந்து வை" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியும் புரியாதது அவனுக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் செல்வியின் பழைய தழும்புக்கு அடியில் இதயம் எலும்போடு ஒட்டிக் கிடந்தது. பிரிக்கும்போதே நிறைய ரத்தம் போயிற்று. புது வால்வைத் தைத்து, இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கி, இதய இயந்திரத்தை நிறுத்திய பிறகும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. "ரத்தம் எங்க பாய்?" என்று கத்தினேன். "கழுவிட்டிருக்கேன், ரெண்டு நிமிசம்" என்றார். "கழுவுனது போதும். இருக்கதைக் குடுங்க!" என்றேன். கொடுத்தார். இன்னொருமுறை கத்தினேன். மறுபடியும் கொடுத்தார்.

அழுத்தம் ஏறியது. ஆனால் சற்று நேரத்தில் தையல் போட்ட ஒவ்வொரு துளையிலிருந்தும் ரத்தம் கசியத் தொடங்கியது. துடைக்கத் துடைக்க வந்தது. ஒரு துளிகூட உறையவில்லை. உள்ளே எங்கோ தையல் விட்டிருக்கிறது என்று முடிவு செய்து, அவளை மறுபடி இதய இயந்திரத்தில் ஏற்றச் சொன்னேன். அவள் அதைத் தாங்குவாளா என்பது எனக்கே சந்தேகம்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. பாய் எழுந்து என் அருகில் வந்து நின்றார். அதுவரை அவர் அப்படி வந்ததே இல்லை.

"டாக்டரம்மா, தையல்ல குத்தம் இல்ல. கடைசி ரெண்டு தடவையும் நான் முழுசாக் கழுவல. உறையாம இருக்கப் போட்ட மருந்து அதோட உள்ள போயிருக்கும். தப்பு எம்மேல."

அறையில் எல்லாருக்கும் கேட்டது. மயக்க மருத்துவர் உடனே ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தார். பாய் சொன்னதுதான் சரி. உறையாமல் தடுக்கும் அந்த ஹெப்பாரினை முறிக்கும் மருந்தைக் கொடுத்தோம். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏற்றினோம். அரை மணி நேரத்தில் இதயத்தின் ஓரத்தில் முதல் ரத்தக்கட்டி தெரிந்தது. அதைப் போல அழகான ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு விசாரணைக் கூட்டம் நடந்தது. யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பாய் எழுந்து, "நாந்தான்" என்றார். நான் பேசவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது. மறுநாள் அவரிடம் போய், "நான் கத்தாம இருந்தா நீங்க கழுவுறத நிறுத்தியிருக்க மாட்டீங்க" என்றேன். "நீங்க கத்துனது நெசம். நிறுத்துனது எங்கை. ரெண்டையும் எழுதிக் குடுப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தோம். எச்சரிக்கைக் கடிதம் இருவர் பேருக்கும் வந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "முப்பது வருச சர்வீஸ்ல ஒரு டாக்டரு பேருக்குப் பக்கத்துல எம்பேரு வந்தது இதாம் மொதத் தடவ" என்று சிரித்தார்.

செல்வி வீடு திரும்பும் நாளில் அவளிடமும் சொன்னார். நான் தடுக்கப் பார்த்தேன். "அவ ஒடம்புல நடந்தது அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். செல்வி முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஒளிக்காம சொன்னியள்லா, அது போதும்" என்றாள். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவளிடம் பாய் போய்விட்டதைச் சொன்னேன். வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது ரத்தம் வேண்டுமென்றால் நான் கத்துவதில்லை. "எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டு, சொன்ன நேரத்தைக் கொடுக்கிறேன். ஏதாவது பிசகினால் என் பங்கை நோயாளியின் வீட்டாரிடம் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அப்படிச் சொல்லக் கிளம்பியபோது கதவருகிலேயே நின்றுவிட்டேன். பாயும் கூட வந்தார். "பைய சொல்லுங்க டாக்டரம்மா, நான் இங்கனதான் நிக்கேன்" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தையைத்தான். இனி அந்தக் கதவைத் தனியாகத் திறக்க வேண்டும். திறந்துவிடுவேன்.