மிதிபடாத பனி

குணரத்தினத்தின் வலது பாதம் போனதற்கு நான்தான் காரணம். தற்செயல் அல்ல, விதி அல்ல. நான்.

பதினொரு ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மறைத்தது மட்டும் என்றால்கூட ஒருவாறு சுமந்துவிடலாம்... அவருடைய உயிரைக் காப்பாற்றியவன் என்ற பெயரோடல்லவா இந்த நகரத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்!

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம். பனி மூடிய வயல். நடுவில், பெரிய இரும்புச் சக்கரங்களோடு வைக்கோல் வாரும் பழைய இயந்திரம் ஒன்று. அதன் வளைந்த பற்களின் மேல் பனி மெல்லிய கோடுகளாகப் படிந்திருக்கும். நூலக மண்டபத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் தொங்கியது. பரிசும் கிடைத்தது. “ஒரு காலடித் தடங்கூட இல்லையே, எப்படி எடுத்தீர்கள்?” என்று கேட்டவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அன்று சிரித்து மழுப்பினேன். எப்படி எடுத்தேன் என்று இன்று சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனவியல் படிப்பித்தவன். மொன்றியலுக்கு வந்து, ஓர் அச்சகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். மனைவி இறந்த பிறகு ஒரு பழைய பிலிம் கமராவை வாங்கினேன். பிலிமைக் குளியலறையிலேயே கழுவினேன். பனிக்காலத்தில் வயல்களில் கைவிடப்பட்ட இயந்திரங்களைத் தேடிப் போனேன். ஏன் இயந்திரங்கள்? மனிதர்களைப் படமெடுத்தால் அவர்களோடு பேச வேண்டியிருக்கும். இரும்புக்கு என்னிடம் ஒன்றும் வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பனியில் கார் ஓட்ட எனக்குத் துணிவில்லை. குணரத்தினம்தான் கூட்டிப்போவார். டாக்சி ஓட்டுபவர், செயின்ட்-மிஷேலில் வீடு, என்னைவிட எட்டு வயது இளையவர். வாரத்தில் அவருக்கு ஓய்வு ஒரு நாள்தான். அதையும் எனக்குத் தந்தார்.

“ஊரில மாஸ்டர் தோட்டத்துக்குள்ள கால் வைக்கவே மாட்டார் எண்டு சனம் சொல்லும். இஞ்ச வந்து துருப்பிடிச்ச இரும்புக்குப் பின்னால விசர் பிடிச்சுத் திரியிறார்!” என்று காரை ஓட்டியபடியே சிரிப்பார்.

“உமக்கென்ன தெரியும் வடிவைப் பற்றி?”

“வடிவு கிடக்கட்டும் மாஸ்டர். ஹீட்டரைக் கூட்டி விடட்டே?”

அந்த வயல் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, மொன்றியல் தீவை விட்டு வெளியே சிறிது தூரத்தில் இருந்தது. அதை நான் ஒக்டோபரிலேயே பார்த்து வைத்திருந்தேன். பனி விழுமுன் இடத்தைப் பார்த்து வைப்பது என் வழக்கம். குணரத்தினம் அன்று வரவில்லை. ஓர் அயலவர் கொண்டுபோய் விட்டார். வயலை ஒருமுறை சுற்றி நடந்தேன். ஓரத்தில் மேப்பிள் மரங்களின் கீழே, புல்லுக்குள், மண் கிளறும் இரும்புச் சட்டம் ஒன்று புரட்டிப் போடப்பட்டிருந்தது. விரல் நீளப் பற்கள் வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதையும் ஒரு படம் எடுத்தேன்.

கவனியுங்கள்... அதையும் ஒரு படம் எடுத்தேன். அது அங்கே கிடப்பது எனக்குத் தெரியும்!

ஜனவரியில், முதல்நாள் முழுவதும் பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் போனோம். காரை வயலுக்கு மறுபுறம், வயல் சொந்தக்காரியின் வீட்டு முற்றத்தில் நிறுத்தினோம். அந்த மூதாட்டி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கையசைத்தார். நாங்கள் தெரு வழியாகச் சுற்றி வந்து, வயலின் இந்தப் பக்கத்தில் முக்காலியை நிறுத்தினோம். இயந்திரம் நடுவில் நின்றது. பனியில் ஒரு பறவையின் தடம்கூட இல்லை.

இந்தக் கிறுக்கில் விழுந்தவர்களுக்குத்தான் அது புரியும். பனி ஒருமுறைதான் சுத்தமாக இருக்கும். ஒரு காலடி விழுந்தால் படம் போய்விடும். அடுத்த பனிப்பொழிவுவரை காத்திருக்க வேண்டும். அப்போது இதே ஒளி கிடைக்குமா?

சிவப்புக் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டேன். கமராவின் முன்னால் பொருத்தினால் வானத்தைக் கறுப்பாக்கும் சிறிய வட்டக் கண்ணாடி. குணரத்தினம் எடுத்துவரப் போனார். திரும்பும்போது சுற்றி வரப் பஞ்சிப்பட்டு, வேலியைத் தாண்டி நேரே வயலுக்குள் இறங்கப் பார்த்தார்.

நான் கத்தினேன்.

“குணம்! நில்லும்! உதுக்குள்ளால வராதையும்!”

அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். “ஏன் மாஸ்டர், பனிக்கு நோகுமே?”

“படம் பழுதாப்போடும்! மரத்தடியால சுத்தி வாரும்!”

மரத்தடியால்... என் வாயால்தான் சொன்னேன். தெருவைக் காட்டியிருக்கலாம். தெரு தூரம், ஒளியோ வந்துகொண்டிருந்தது. சொன்ன கணத்தில் அந்தப் பற்கள் என் நினைவுக்கு வந்தனவா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். வந்தன என்றே நினைக்கிறேன். மங்கலாக, ஏதோ மறந்துவிட்ட ஒன்று போல வந்தன. அந்த நேரம் மேகம் விலகியது. நான் கமராவுக்குள் குனிந்துவிட்டேன்.

“மாஸ்டர்!” என்ற சத்தம் கேட்டது.

பிலிமில் மூன்று படங்கள் மீதி இருந்தன. முதலாவதை எடுத்தேன்.

“மாஸ்டர்... கால்...”

இரண்டாவதை எடுத்தேன். ஒளியை அளந்து, கமராவின் ஒளித்துளையைச் சற்றுக் குறைத்து, மூன்றாவதையும் எடுத்தேன். நூலகத்தில் நீங்கள் பார்த்தது அந்த மூன்றாவது படம்.

இதோடு முடிந்திருந்தால்! அவர் விழுந்து கிடந்த மரத்தடிக்கு வயலுக்கு நடுவால் ஓடினால் ஒரு நிமிடம். நான் வயலுக்கு நடுவால் ஓடவில்லை. வேலியோரமாகச் சுற்றிப் போனேன்! பிலிமை மாற்றி இன்னொரு முறை எடுக்கலாம் என்று என் உள்ளே எதுவோ அப்போதும் பனியைப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. வேலியோரம் காற்றுக் குவித்திருந்த பனியில் முழங்கால்வரை புதைந்து புதைந்து போய்ச் சேர எட்டு ஒன்பது நிமிடங்கள் ஆகியிருக்கும்.

இரும்புப் பல் ஒன்று சப்பாத்தைத் துளைத்து மேலால் வந்திருந்தது. கணுக்கால் சட்டத்துக்குள் மாட்டி முறிந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். அவர் என்னைத் திட்டவில்லை. நான் வீட்டுக்கார மூதாட்டியிடம் ஓடினேன். அவர் அம்புலன்ஸை அழைத்தார். இம்முறை வயலுக்கு நடுவால்தான் ஓடினேன்... யாருக்கு வேண்டும் அது!

அம்புலன்ஸில் குணரத்தினம் கையுறையைக் கழற்றி, உள்ளேயிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“உங்கட கண்ணாடி மாஸ்டர். உடையேல்லை.”

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்கள், பிறகு பாதம். அந்த ஒன்பது நிமிடங்களால் ஏதும் மாறியிருக்குமா என்று நான் ஒரு வைத்தியரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். டாக்சியை விற்றார்கள். அவருடைய மனைவி தவமணி ஒரு கார்ட்ரியில் சமையல் வேலைக்குப் போனார். இந்த ஊர்க் குழந்தைகள் காப்பகத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

வைத்தியசாலையில் தவமணி கேட்டபோது குணரத்தினமே முந்திக்கொண்டு சொன்னார்: “நான்தான் பாக்காமல் காலை வச்சிட்டன்.” நான் அருகில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து தவமணி அவரை ஏசுவது நிற்கவில்லை.

“கண்ணை எங்க வச்சிட்டு நடந்தனீங்களோ! மாஸ்டர் பக்கத்தில இல்லாட்டி என்ர தாலி நிண்டிருக்குமே?”

ஒவ்வொரு பொங்கலுக்கும் அஹுன்ட்சிக்கில் இருக்கும் என் வீட்டுக்குப் பலகாரம் வரும். அந்தப் பனிப் படத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி, வரவேற்பறைச் சுவரில் மாட்டினார் தவமணி. “இவருக்கு உயிர் திரும்பி வந்த நாள்” என்று வருபவர்களுக்குக் காட்டுவார். அதன் கீழே கதிரையில், செயற்கைப் பாதத்துக்குச் சப்பாத்துப் போட்டபடி குணரத்தினம் இருப்பார். நானும் எதிரே இருந்து தேநீர் குடிப்பேன். பதினொரு ஆண்டுகள்!

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதென்று போனேன். எனக்கு எழுபத்தொன்பது வயது. இனி எப்போது? வாயால் சொல்ல வராது என்று தெரியும். அதனால் ஒக்டோபரில் எடுத்த படத்தை அச்சிட்டு, பின்னால் பென்சிலால் மாதத்தையும் ஆண்டையும் இடத்தையும் எழுதி, உறையில் போட்டுக்கொண்டு போனேன்.

தவமணி அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். உறையைக் குணரத்தினத்திடம் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். புல், மேப்பிள் இலைகள், வானத்தைப் பார்க்கும் பற்கள். திருப்பிப் பென்சில் எழுத்தை வாசித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த மற்றப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். வழியைக் காட்டியது நான் என்பது அவருக்கு என்றுமே தெரியும். அங்கே என்ன கிடந்தது என்பதும் எனக்குத் தெரியும் என்று அப்போதுதான் அவர் அறிந்தார்... அவர் முகத்தில் அதைக் கண்டேன்.

“என்னப்பா படம்?” என்று தவமணி உள்ளேயிருந்து கேட்டார்.

“ஒண்டுமில்லை. பழைய இரும்பு.”

உறைக்குள் வைத்து, மடித்து, என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இதை வீட்ட கொண்டுபோங்கோ மாஸ்டர்.”

மன்னித்தாரா? தவமணிக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாரா? என்னை இனிப் பார்க்க விரும்பவில்லையா? நான் எழுந்தேன். எப்போது போனாலும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரை வருபவர், அன்று கதிரையை விட்டு எழவில்லை. தவமணிதான் வந்தார். மறுக்க மறுக்க, வடைகளைத் தாளில் சுற்றிப் பையில் போட்டுத் தந்தார்.

“நீங்கள் தனிய இருக்கிறனீங்கள். இரவுக்குச் சாப்பிடுங்கோ மாஸ்டர்.”

மெட்ரோவில் அந்தப் பையையும் உறையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வடையின் சூடு உறையினூடாகத் தொடையில் பட்டுக்கொண்டே இருந்தது. எண்ணெய் கசிந்து உறையின் மூலையில் பரவியது. நான் அதை விலக்கி வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல், மேசை முன்னால் உட்கார்ந்து அந்த வடைகளைச் சாப்பிட்டேன். எல்லாவற்றையும். பசித்தது.